ஊர்விட்டு ஊர் போகும் இசை: ‘தாக்கம்’ என்றால் என்ன?

புதிய இசைத் தொகுப்பு ஒன்று வருகிறது. இசையமைத்தவர் பாலித் தீவில் மூன்று வாரம் தங்கியவர் என்று அறிமுகக் குறிப்பு சொல்கிறது. ‘தொன்மையான ஒரு பண்பாட்டின் தாக்கத்தில் பிறந்த இசை’ என்றும் சொல்கிறது. ஆவலோடு கேட்கிறோம். பழகிய மெட்டு, பழகிய தாளம், நடுவே இரண்டு இடத்தில் ஒரு மூங்கில் குழல். குழல் ஓய்ந்ததும் பழைய மெட்டே தொடர்கிறது.

இதைத் தாக்கம் என்கிறார்கள். இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் ஓர் ஊரில் உட்கார்ந்து, அந்த ஊர் இசையின் கணக்கு பிடிபட்டு, ஊர் திரும்பி வேறு கருவிகளில் வேறொன்றைப் படைத்தால் அதையும் தாக்கம் என்றே சொல்கிறார்கள். கோயிலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மனம் உருகியது, பாட்டு வந்தது என்று பேட்டிகளில் படிக்கிறோம். பார்த்ததற்கும் பாட்டு வந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. அந்த நடுப்பகுதியைப் பற்றியது இந்தக் கட்டுரை. இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கையால் தாளம் போடத் தெரிந்தால் போதும்.

## அடுத்த தெருக் கோலம்

மார்கழிக் காலையில் அடுத்த தெருவில் ஓர் அழகான சிக்குக் கோலத்தைப் பார்க்கிறீர்கள். அதை உங்கள் வாசலுக்குக் கொண்டுவர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, பார்த்ததை அப்படியே போடுவது. இரண்டாவது, நினைவில் நின்ற சாயலை வைத்து அதுபோல ஒன்றை நீங்களே போடுவது. மூன்றாவது வழிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த அம்மாவிடம் போய், எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எந்தப் புள்ளியைச் சுற்றிக் கோடு திரும்புகிறது, தொடங்கிய இடத்திலேயே அது எப்படி வந்து முடிகிறது என்று கேட்டுக் கற்றுக்கொள்வது. அதன்பின் நீங்கள் போடும் கோலம் அவர் ஒருநாளும் போடாததாக இருக்கலாம். ஆனால் அந்த வழியாக அவர் வந்தால் நின்று பார்த்து, “இது நம்ம கணக்காயிற்றே” என்பார்.

ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளர் பேலா பார்டோக் கிட்டத்தட்ட இதே மூன்று படிகளைத்தான் இசைக்குச் சொன்னார். நாட்டுப்புற மெட்டை எடுத்து அதற்குப் பக்க இசை சேர்ப்பது ஒன்று. அந்த மெட்டுகளின் சாயலில் சொந்தமாக ஒன்று அமைப்பது இரண்டு. மூன்றாவதில் நாட்டுப்புற மெட்டும் இருக்காது, சாயலும் இருக்காது. ஆனால் அந்த இசை இசையமைப்பாளரின் தாய்மொழியாகவே ஆகிவிட்டிருக்கும், அதில் அவர் தன் பேச்சைப் பேசுவார்.

இதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 1906 முதல், மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனவர் அவர். 1913-ல் அல்ஜீரியாவின் பிஸ்க்ரா பகுதிக்கும், 1936-ல் துருக்கிக்கும் போனார். பழைய ஹங்கேரியப் பாடல்களில் ஒரு பழக்கத்தை அவர் முன்பே கண்டிருந்தார்: பாட்டின் முதல் பாதியைப் பஞ்சமத்திலிருந்து (‘ப’ என்ற ஸ்வரம்) பாடினால், அதே வளைவைச் சட்ஜத்துக்கு (‘ஸ’) இறக்கி இரண்டாம் பாதியாகப் பாடுவார்கள். துருக்கியின் அதானா வட்டாரத்தில் நாடோடிகள் பாடியபோது அதே மாதிரி இறக்கத்தைக் கேட்டார். எங்கோ இருக்கும் ஊரில் தன் வீட்டுப் புள்ளிக் கணக்கைக் கண்டவரின் மகிழ்ச்சியை நினைத்துப் பாருங்கள்.

## ஒரே மனிதரிடம் இரண்டு படிகள்

இந்த வேறுபாட்டைப் பார்க்க நாம் ஹங்கேரி வரை போகவேண்டியதில்லை. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) போதும்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்திய இசை அவர் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். அவற்றை நோட்டுஸ்வரம் என்கிறோம். ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்பதை யாராவது பாடக் கேட்டால் பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு அப்படியே கேட்கும். வரி நம்முடையது, மெட்டு அவர்களுடையது. இது முதல் படி.

அவர் காசியிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே கேட்ட வடநாட்டு இசை அவரிடம் வேறு விதமாக வேலை செய்தது. யமன் என்ற வடநாட்டு ராகம் யமுனா கல்யாணியாகவும், ஜைஜைவந்தி ராகம் த்விஜாவந்தியாகவும் அவர் கிருதிகளில் வந்தன. யமுனா கல்யாணியில் அமைந்த ‘ஜம்பூபதே’ கிருதியைக் கேட்பவருக்குத் திருவானைக்காவில் நீர் ஊறும் அந்தக் கருவறைதான் நினைவுக்கு வரும், காசி வராது. மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரத்திலும் கால் ஊன்றி நடக்கும் அந்த விளம்ப நடையில் துருபத் என்ற வடநாட்டுப் பாணியின் நிழலைக் கேட்கிறவர்கள் உண்டு. இங்கே மெட்டை அப்படியே தூக்கி வந்த வேலை இல்லை. கேட்டது உள்ளே போய்க் கரைந்து, அவருடைய நடையாகவே வெளியே வந்தது. என் கணிப்பில் இது மூன்றாம் படி.

இதுவரை பார்த்தது: தாக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் மெட்டை எடுப்பது, சாயலை எடுப்பது, கணக்கை எடுப்பது என்ற மூன்று வேலைகள் இருக்கின்றன. இனி, கணக்கு என்று எதைச் சொல்கிறேன் என்பதை ஓர் இசையை அருகில் வைத்துப் பார்ப்போம்.

## பாரிசுக்கு வந்த ஜாவா

1889-ல் பாரிசில் உலகக் கண்காட்சி. ஈஃபில் கோபுரம் எழுப்பப்பட்டது அதற்காகத்தான். டச்சுக்காரர்கள் தங்கள் ஆட்சியில் இருந்த ஜாவாவிலிருந்து ஒரு கிராமத்தையே அங்கே அமைத்துக் காட்டினார்கள். அடிமைப்பட்ட நாட்டு மக்களைக் காட்சிப்பொருளாக வைத்த ஏற்பாடு அது என்பதை மறக்கக் கூடாது. அந்தக் கிராமத்தில் கமெலான் வாசித்தார்கள். வெண்கலத் தகடுகளும், குடம் போன்ற சிறு மணிகளும், காங் என்ற தொங்கும் பெரிய வட்டத் தகடுகளும், ஒரு மேளமும் சேர்ந்த குழுவுக்குக் கமெலான் என்று பெயர். இருபத்தாறு, இருபத்தேழு வயதிலிருந்த குளோட் டெபுஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் அதை மெய்ம்மறந்து கேட்டார். ஜாவாவுக்கு அவர் கடைசிவரை போகவே இல்லை. பயணம் செய்தது இசைதான்.

அவர் கேட்டதில் அப்படி என்ன இருந்தது? முதலில் அடுக்குகள். நடுவில் ஒரு மெதுவான அடிப்படை மெட்டு நடக்கிறது. ஜாவானியர் அதை பாலுங்கான் என்பார்கள். ‘பாலுங்’ என்றால் எலும்பு. அந்த எலும்பைச் சுற்றி மற்ற கருவிகள் சதை சேர்க்கின்றன. பெரிய, கனமான கருவி அரிதாக ஒலிக்கும். கருவி சிறிதாகி ஒலி உயர உயர, அது இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று அடர்த்தியாக வாசிக்கும். எல்லாரும் வாசிப்பது ஒரே மெட்டின் வெவ்வேறு உருவங்களைத்தான்.

அடுத்தது காலத்தை அளக்கும் முறை. தினசரிக் காலண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு தாள் கிழிகிறது. வாரம் முடிந்தால் ஒரு கணக்கு, மாதம் முடிந்தால் பெரிய கணக்கு. லட்ராங் என்ற ஜாவா வடிவத்தில் ஒரு சுற்றுக்கு 32 எண்ணிக்கை. எட்டு எட்டாக முடியும் இடங்களில் கெனோங் என்ற மணி ஒலிக்கும். முப்பத்திரண்டாவதில் பெரிய காங் விழும்.

கவனியுங்கள், காங் முப்பத்திரண்டாவதில் விழுகிறது, ஒன்றில் அல்ல. முதல்முறை கமெலான் கேட்டபோது என் கை தானாகத் தாளம் போட்டது. காங் விழுந்ததும் அதுதான் சமம், அதாவது தாளத்தின் முதல் தட்டு, என்று எடுத்துக்கொண்டு ‘ஒன்று’ என எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கை என்னவோ பொருந்தத்தான் செய்தது, ஆனால் மெட்டின் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தட்டு தள்ளியே முடிந்துகொண்டிருந்தது. நம் தாளத்தில் கனம் தொடக்கத்தில் இருக்கிறது. அவர்கள் கனத்தை முடிவில் வைக்கிறார்கள். நாம் சமத்திலிருந்து கிளம்புகிறோம், அவர்கள் காங்கை நோக்கி வந்துகொண்டே இருக்கிறார்கள். இதைப் புரிந்துகொண்ட நாளில்தான் எனக்குக் கமெலான் கேட்கவே தொடங்கியது என்று சொல்வேன்.

டெபுஸிக்கு அதிர்ச்சி வேறு இடத்தில் விழுந்திருக்க வேண்டும். ஐரோப்பிய இசையில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பார்கள். அந்தக் கூட்டுக்கு கார்டு என்று பெயர். ஒரு கார்டு அடுத்ததை நோக்கி இழுக்கும், இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் வீடு வந்து சேரும். எந்தக் கார்டுக்குப்பின் எது என்பதற்கு அவர் படித்த இசைக் கல்லூரியில் கறாரான விதிகள் இருந்தன. கமெலானில் அப்படி எதுவும் யாரையும் இழுப்பதில்லை. சுற்று முடிகிறது, மறுபடி தொடங்குகிறது. ஆனாலும் ஒரு நொடி சலிப்பில்லை. பின்னாளில், 1913-ல், ஐரோப்பிய இசைப் பின்னலின் பேராசானாக மதிக்கப்பட்ட பலெஸ்ட்ரினாவின் வேலை ஜாவா இசைக்கு முன் குழந்தை விளையாட்டுப்போல ஆகிவிடுகிறது என்று அவர் எழுதினார்.

1903-ல் வந்த அவருடைய ‘பகோட்’ என்ற பியானோ இசையில் இது எப்படி வெளிப்பட்டது என்று கேட்கலாம். கமெலானின் ஸ்லெண்ட்ரோ சுருதி முறையில் ஐந்து ஸ்வரங்கள் ஏறக்குறையச் சம இடைவெளியில் இருக்கும். அது பியானோவின் பன்னிரண்டு கட்டைகளில் உட்காராது. எனவே சுருதியை அவரால் எடுத்துவர முடியவில்லை. கட்டைகளில் கிடைத்த ஐந்து ஸ்வரங்களை எடுத்தார். நம் காதுக்கு அது மோகன ராகம். ஆனால் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்தார்: அடியில் காங் போல விட்டு விட்டு ஒலிக்கும் ஒரே கனமான ஸ்வரம், நடுவில் நிதானமான மெட்டு, மேலே சலசலக்கும் விரைவு, ஒலிகள் அணையாமல் ஒன்றன்மேல் ஒன்று படர விடும் கால்மிதி (பெடல்). ஒரு ஜாவா மெட்டை அப்படியே எடுத்துப் போட்ட வேலை இல்லை இது. தலைப்பு குறிக்கும் பகோடா, அதாவது சீன, ஜப்பான் பாணி அடுக்குக் கோபுரம், ஜாவாவின் அடையாளம் அல்லவே என்று தலைப்பைக் குறை சொல்லலாம், கீழைநாடுகளையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டும் அக்காலப் பழக்கம் அதில் தெரிகிறது. தலைப்பைவிட இசை நேர்மையானது.

இதுவரை பார்த்தது: கமெலானின் கணக்கு என்பது அடுக்குகள், சுற்று, முடிவில் விழும் காங். டெபுஸி எடுத்தது இவற்றை.

## ஒரே உரலில் இரண்டு உலக்கை

காலின் மக்ஃபீ கனடாவில் பிறந்தவர். நியூயார்க்கில் பாலித் தீவுக் கமெலானின் இசைத்தட்டுகளைக் கேட்டார். கேட்டதோடு நிற்க முடியவில்லை. 1931-ல் பாலிக்குப் போனவர், இடையிடையே ஊர் திரும்பினாலும், 1938 இறுதிவரை அங்கேயே கழித்தார். உபுட் அருகில் சாயான் கிராமத்தில் வீடு கட்டிக்கொண்டார். கூட்டா ஊர்க்காரரான லோட்ரிங் என்ற பெரும் கலைஞரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். இப்படிப்பட்ட கட்டுரைகளில் போனவரின் பெயர் இருக்கும், சொல்லிக்கொடுத்தவரின் பெயர் இருக்காது. அது எனக்கு மனவருத்தம் தரும் வழக்கம்.

பாலியின் கமெலான் ஜாவாவைப் போலச் சாந்தமானதல்ல. மின்னல்போலப் பறக்கும். அந்த வேகத்தின் ரகசியத்தை ஒரு வீட்டுக் காட்சியால் சொல்லிவிடலாம். ஒரே உரலில் இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கை போடுகிறார்கள். ஒருவர் உலக்கை ஏறும்போது மற்றவர் உலக்கை இறங்குகிறது. ஒவ்வொருவரும் நிதானமாகத்தான் குத்துகிறார்கள், உரலுக்குள் விழும் இடி மட்டும் இரண்டு மடங்கு வேகம். இடிக்கும் இருவரில் ஒருவர் நின்றுவிட்டால் மற்றவரின் குத்து பாதியாகக் கேட்கும்.

பாலியில் இதற்குக் கோடேகான் என்று பெயர். ஒருவர் வாசிக்கும் பகுதி போலோஸ், அதன் இடைவெளிகளில் மற்றவர் நுழைக்கும் பகுதி சாங்சி. உலக்கை போடுவதில் ஓசை ஒன்றுதான். இங்கே ஸ்வரங்களும் இரண்டாகப் பங்கிடப்பட்டிருக்கும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் நொண்டியடிக்கும் துண்டுகள். சேர்ந்தால் ஒரு தனி மனிதரால் எட்ட முடியாத வேகத்தில் அறுபடாத ஒரு மெட்டு. கைகளைப் பார்த்தால் இன்னும் வியப்பு: வலக்கைச் சுத்தியல் அடுத்த தகட்டை அடிக்கும் அதே கணத்தில், இடக்கை விரல்கள் முந்தைய தகட்டைப் பிடித்து ஒலியை அணைக்கின்றன. அணைக்காவிட்டால் வெண்கலம் ஒலித்துக்கொண்டே இருந்து எல்லாம் குழம்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. தம்புரா சுருதி சேர்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு சாரணித் தந்திகளும் ஏறக்குறையச் சேர்ந்து, முழுதாகச் சேராத நிலையில் ஒலி ‘வவ்வவ்வவ்’ என்று துடிக்கும். பிருடையை மெல்லத் திருப்பத் திருப்பத் துடிப்பு தளர்ந்து, கடைசியில் நின்றுவிடும். நின்றதும் நாம் நிம்மதியடைகிறோம். அந்தத் துடிப்பு எப்படி வருகிறது? ஒரு தந்தி நொடிக்கு 300 முறையும் மற்றது 307 முறையும் அதிர்ந்தால், வித்தியாசமான 7, நொடிக்கு ஏழு துடிப்பாகக் கேட்கும். நாம் முயன்று நீக்கும் அந்தத் துடிப்பைப் பாலிக்காரர்கள் முயன்று உண்டாக்குகிறார்கள். கருவிகளை ஜோடியாகச் செய்து, ஒன்றை மற்றதைவிட இம்மி உயர்த்தி வைப்பார்கள். அந்தத் துடிப்புக்கு அவர்கள் மொழியில் ஓம்பாக், அதாவது அலை. அலை இல்லாத வெண்கலம் அவர்களுக்கு உயிரற்றது.

மக்ஃபீ 1936-ல் எழுதிய ‘தாபு-தாபுஹான்’ மேலைநாட்டு வாத்தியக் குழுவுக்கானது. இரண்டு பியானோக்களும் மரத்தகடு, உலோகத்தகடு வாத்தியங்களும் சேர்ந்து அந்தப் பின்னலை வாசிக்கின்றன. அலையை அவரால் கொண்டுபோக முடியவில்லை, பியானோவை வேண்டுமென்றே சுருதி கலைத்து வைக்க முடியாது அல்லவா? ஆனால் இரண்டு பாலி காங்குகளைச் சேர்த்துக்கொண்டார்.

## அப்படியானால் பயணம் எதற்கு?

இசைத்தட்டிலேயே கேட்கலாமே, ஏன் போகவேண்டும்? காது, தனக்குத் தெரிந்த கணக்கிலேயே எதையும் எண்ணிப் பார்க்கும். நான் காங்கைச் சமம் என்று எண்ணியது அதனால்தான். இசைத்தட்டு நம்மைத் திருத்தாது. எதிரே உட்கார்ந்து வாசிக்கும் ஆசிரியர் திருத்துவார்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1970-ல் கானா நாட்டுக்குப் போனார். அக்ரா நகரின் லெகோன் பகுதியிலுள்ள பல்கலைக்கழகத்தில் எவே இனத்தின் மேள ஆசான் கிடியோன் அலோர்வோயியிடம் தினமும் பாடம் கேட்டார். மலேரியா வந்ததால் சில வாரங்களிலேயே திரும்பவேண்டியதாயிற்று. எவே மேளத்தில் ஒரு மணி, மாறாத ஒரே சொற்கட்டை, அதாவது தாளக் கோவையை, திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன்மேல் ஒவ்வொரு மேளமும் தன் சொந்தத் தொடக்கத்தைக் கொண்டிருக்கும். ஒருவரின் ‘ஒன்று’ மற்றவரின் ‘ஒன்று’ அல்ல. பன்னிரண்டு துடிப்பை ஒரே நேரத்தில் திஸ்ரமாகவும் (மும்மூன்றாகவும்) சதுஸ்ரமாகவும் (நந்நான்காகவும்) கேட்டுப் பார்த்தால் அதன் வாசலில் நிற்பீர்கள்.

ஊர் திரும்பி அவர் முடித்த ‘டிரம்மிங்’ என்ற நீண்ட படைப்பில் போங்கோ மேளம், மரிம்பா என்ற மரத்தகடு வாத்தியம், குளோக்கன்ஷ்பீல் என்ற உலோகத்தகடு வாத்தியம், மனிதக் குரல் எல்லாம் உண்டு. எவே மேளம் ஒன்றுகூட இல்லை. பிற நாட்டு இசையின் ஒலியைப் போலிசெய்வதைவிட அதன் அமைப்பைக் கற்று, தன் ஒலியில் யோசிப்பதே சரி என்பது அவர் கொள்கை. ஒரே சொற்கட்டை இருவர் மெல்ல மெல்ல விலகி வாசிக்கும் உத்தியை அவர் பயணத்துக்கு முன்பே கண்டுபிடித்திருந்தார். கானா அவருக்கு அதைக் கொடுக்கவில்லை, அந்த வழியில் துணிந்து போகலாம் என்று உறுதி கொடுத்தது. பயணத்தின் பயன் சிலசமயம் இவ்வளவுதான், அதுவே பெரிது.

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1956-ல் பாலிக்கும் ஜப்பானுக்கும் போனார். பாலியின் வெண்கல ஒலி அடுத்த ஆண்டே அவருடைய பாலே இசையில் கேட்டது. டோக்கியோவில் பார்த்த ‘சுமிதாகாவா’ என்ற நாடகம் (‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடக வகையைச் சேர்ந்தது) அவர் படைப்பாக வெளிவர எட்டு ஆண்டுகள் பிடித்தன. காணாமற்போன மகனைத் தேடி ஆற்றங்கரைக்கு வரும் தாயின் கதை அது. 1964-ல் அவர் அதை இங்கிலாந்தின் சதுப்பு நிலத்து ஆற்றுக்கு மாற்றி, தேவாலயத்தில் நடிக்கும் இசைநாடகமாக எழுதினார். நோ மரபைப் போலவே தாயின் பாத்திரத்தையும் ஆணே பாடுகிறார். ஒலி உடனே வந்துவிடும், கணக்கு வர நாளாகும் என்பதை ஒரே பயணத்தில் இரண்டு விதமாகக் காட்டியவர் அவர்.

## ‘தொன்மை’ என்ற சொல்

கடைசியாக ஒரு தவறான எண்ணம். பாலி இசை என்றாலே ஆயிரம் ஆண்டுகளாக மாறாமல் இருப்பது என்று எழுதுகிறார்கள். மக்ஃபீயைக் கட்டிப்போட்ட அந்த மின்னல் பாணிக்குக் கெப்யார் என்று பெயர். அது வடபாலியில் ஏறத்தாழ 1915-ல்தான் தோன்றியது. அதன் மோகத்தில் கிராமங்கள் தங்கள் பழைய கமெலான்களை உருக்கிப் புதிதாக வார்த்தன. பயணியான மக்ஃபீதான் பழைய அரண்மனைக் கமெலான் அழிகிறதே என்று பதறினார். ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து ‘சக் சக்’ என்று ஒலிக்கும் கெச்சாக், இன்றைய உருவத்தை 1930-களில்தான் பெற்றது. பழைய வேர் உண்டு. ஆனால் அந்த ஊர்க்காரர்களும் நம்மைப்போலவே புதியதைத் தேடியவர்கள். அவர்களை அருங்காட்சியகப் பொருளாக நினைத்துப் போகிறவர் ஒலியோடு திரும்புவார், கணக்கு அவருக்குக் கிடைக்காது.

## கேட்டுப் பார்க்க

ஒரு லட்ராங் பதிவைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை எதையும் எண்ணாமல், பெரிய காங் மட்டும் எப்போது விழுகிறது என்று பாருங்கள். இரண்டாம் முறை, காங்கை ‘முப்பத்திரண்டு’ என்று வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்த தட்டிலிருந்து ‘ஒன்று’ எண்ணுங்கள். கை பழைய பழக்கத்துக்கு இழுக்கும், விடாதீர்கள். மூன்றாம் முறை எண்ணிக்கையை விட்டுவிட்டு நடுவில் போகும் எலும்பைத் தேடுங்கள்.

அதன்பின் டெபுஸியின் ‘பகோட்’டைக் கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் மேலே விரல்கள் மிக மெல்லிய ஒலியில் சுழன்றுகொண்டிருக்கும், நடுவில் மெட்டு நடக்கும், அடியில் அந்த ஒற்றைக் கனமான ஸ்வரம் வந்து விழும். பியானோக்காரர் பெடலிலிருந்து காலை எடுக்கமாட்டார். ஒலி தானாக அடங்கும்வரை காத்திருங்கள்.